இரண்டு ரதங்களுக்கு ஒரே வாசல்

பிறை என்ற ஊரில் லாரி மோதிக் கால் எலும்பு நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோதுதான் என் கணவர் சுகுமாரன் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டினார். எங்கள் செபராங் ஜெயா வீட்டில், மேசைமேல் இருக்கிறது. எங்கள் படங்கள், பாட்டுகள் எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொன்றுக்கும் தனி இணைய முகவரி. எனக்கோ ஒரே குடைச்சல். பெட்டி ஒன்று, இணைப்பு ஒன்று. படமும் பாட்டும் எப்படி மாறாமல் வருகின்றன?

"வாசல்ல ஒரு ஆள் நிக்கிறான்னு வெச்சுக்க மோகனா. ரிவர்ஸ் ப்ராக்ஸின்னு பேரு. எந்தப் பேரைச் சொல்லி வர்றாங்களோ, அந்த ரூமுக்கு அனுப்புவான்."

"தப்பான ரூமுக்கு அனுப்பிட்டா?"

"மாட்டான் லா. நான் எழுதிக் குடுத்தபடிதான் செய்வான்."

எனக்குச் சந்தேகமே அங்கேதான்.

தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு முகவரிகள் சேர்த்தார். அன்று ஊர்வலம் போகும் தங்க ரதத்துக்கு ஒன்று, வெள்ளி ரதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ரதத்தின் பின்னாலும் நடக்கும் நண்பரின் போனை வைத்து, அது எங்கே வருகிறது என்று வரைபடம் காட்டும். எனக்கு வெள்ளி ரதம்தான் முக்கியம். கால் குணமாகி என் கணவர் பழையபடி நடந்தால் அதன் முன்னால் தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தேன். ஓடக்கூடச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியும், மனிதர் பயந்து பயந்து நொண்டிக்கொண்டுதான் இருந்தார்.

தேங்காய்ச் சாக்கோடு கடல் பாலம் தாண்டித் தீவுக்குப் போய், வரைபடம் காட்டிய தெருவில் நின்றோம். மேளச் சத்தம் நெருங்கியது. தெருமுனை திரும்பி வந்ததோ தங்க ரதம்! எல்லோரும் ரதத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் போனைப் பார்த்தேன்.

"என்னங்க, முன்னால நிக்கிறது தங்கம். உங்க வாசல்காரன் வெள்ளிங்கிறான். ரூம் நம்பரை மாத்தி எழுதிட்டீங்களா?"

அவர் போனிலிருந்தே வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினார். வெள்ளிப் புள்ளி சட்டென்று நாலைந்து தெரு தள்ளிக் குதித்தது. அது இந்தப் பக்கம் வரவில்லை, விலகிப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "சாமி காரியத்துலயுமா இப்படி? என் வேண்டுதல் போச்சே!"

அவர் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து கிளம்பினார். நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"சீக்கிரம் வா லா, போயிடப் போவுது!"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

வெள்ளி ரதத்தின் முன்னால் முதல் தேங்காயை உடைத்தபோது, அழுகையில் எனக்கு ரதமே சரியாகத் தெரியவில்லை. முதலில் அந்த இரண்டு வரிகளையும் மாற்றி எழுதியது அவர்தானா, இல்லை ரதத்தில் வந்த சாமியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.