இடமிருந்து மூன்றாவது காட்டேரி

டிவிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையை என் கணவர் இழுக்கும் சத்தம் சமையலறையில் எனக்குக் கேட்டது. தேநீருக்கு வைத்த வெந்நீரை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அந்த இழுப்பறையில் வேறு எதுவும் கிடையாது. நாற்பது விசிடி, எல்லாம் காட்டேரிப் படம், எல்லாம் சிரிப்புப் படம். காலையில் லிஃப்டில் இறங்கும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "இன்னிக்கு ஒரு நாள், பொண்ணு கல்யாணம் பேசற நாள், அந்தப் பொணத்தப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க." தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச எங்கள் பேட்டை குவுன் டோங்கிலேயே ஆள் கிடையாது.

எல்லாம் இந்த மழையால் வந்த வினை. கீழே தேநீர்க் கடையில் வட்ட மேசையில் உட்கார்ந்து பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. விருந்துக்கு எத்தனை மேசை, எங்கள் உறவுக்காரர்களுக்குக் கொடுக்க எத்தனை பெட்டி கல்யாணக் கேக் என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. அந்த நேரம் பார்த்துக் கறுப்பு மழை எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். கறுப்புதான் இருப்பதிலேயே பெரிய எச்சரிக்கை, அது போட்டுவிட்டால் ஒரு டாக்சிக்காரன் நிற்க மாட்டான். மாப்பிள்ளையின் அப்பா ஃபுங், ஷா டின்னில் சொந்த வீடு, பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், வாயைத் துடைத்துக்கொண்டு, "மேலதானே உங்க வீடு? மழை விடற வரைக்கும் உக்காந்துட்டுப் போறேன்" என்று தானாகவே சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் பதினேழாவது மாடிக்கு எல்லோரையும் கூட்டிவந்தேன். முந்நூற்றைம்பது சதுர அடி அரசாங்க வீடு. ஃபுங்கின் கண் அதை ஒருமுறை சுற்றி வந்தது. சுற்றி வர அதிக நேரம் பிடிக்கவில்லை.

அந்தப் படங்களைப் பற்றி என்ன சொல்ல. பழைய காலத்து அதிகாரி உடுப்பு மாட்டிய பிணம் இரண்டு கையையும் நேரே நீட்டிக்கொண்டு தத்தித் தத்திக் குதித்து வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதத்தை நெற்றியில் ஒட்டினால் நின்றுவிடும், காகிதம் விழுந்தால் மறுபடி குதிக்கும். குண்டன் ஒருவன் மூச்சைப் பிடிக்கத் தெரியாமல் தும்முவான். இவ்வளவுதான். நாற்பது படத்திலும் இவ்வளவுதான். இதைப் பார்த்து ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை, மினிபஸ் ஓட்டிக் குடும்பம் நடத்திய மனிதர், ஞாயிறு தவறாமல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். தும்மல் எப்போது வரும் என்று நொடிக் கணக்காகத் தெரியும். தெரிந்துகொண்டே சிரிப்பார்.

மகள் ஹோய்-யிங் படித்தவள், அவளாவது தேறுவாள் என்று பார்த்தேன். அவளுக்கு வெள்ளைக்காரக் காட்டேரி. முந்நூறு வயதுக் காட்டேரி புத்தகப்பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது, கூடப் படிக்கிற பெண்ணைப் பார்த்து உருகுகிறது, அவள் ரத்தத்தைக் குடிக்கலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசிக்கிறது. இவளும் மாப்பிள்ளைப் பையன் லோக்-ஹின்னும் எங்கள் சோபாவில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்துத்தான் விஷயம் கல்யாணம் வரைக்கும் வந்தது. அவளுக்கு அவள் அப்பாவே தேவலாம். அவருடைய பிணங்களாவது அழுவதில்லை.

அவர் எந்த விசிடியை எடுப்பார் என்று எனக்குத் தெரியும். 'ஐந்து காட்டேரியும் ஒரு மாமியாரும்.' பெயரைப் பாருங்கள். எண்பத்தாறில், கல்யாணமான மூன்றாவது வருஷம், பஸ் வேலையை விட்டுவிட்டு சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று ஒரு கோடை முழுவதும் சுற்றினார். அதன் விளைச்சல் இது. படத்தில் இருபத்திரண்டாவது நிமிஷம் ஐந்து பிணம் வரிசையாகக் குதித்து வரும். "இடமிருந்து மூணாவது. நான்தான்" என்பார். ஐந்துக்கும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் மஞ்சள் காகிதம். இருபத்தெட்டு வருஷமாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "மூஞ்சியத்தான் மூடியிருக்கே. யாரு வேணா நான்தான்னு சொல்லிக்கலாம்." சிரித்துக்கொள்வார். அடுத்த ஞாயிறு மறுபடி சொல்வார்.

நான் கண்ணால் மிரட்டியதை அவர் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தார் என்பதுதான் சரி. ஃபுங் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விசிடி அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"அட, இதுவா! நம்ம லைன்தான் போங்க, சம்பந்தி. எங்கிட்ட இந்த மாதிரி நூத்துக்கு மேல இருக்கு. போஸ்டர், பேட்டி, எல்லாம் ஃபைல் போட்டு வெச்சிருக்கேன்."

என் கணவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. ஹோய்-யிங் கைப்பேசியில் குனிந்துகொண்டாள். லோக்-ஹின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து அது நான்காவது ஆரஞ்சு. படம் ஓடியது. துணைத் தலைமையாசிரியர் வசனத்துக்கு முன்னால் வசனம் சொன்னார், என் கணவர் தொடையைத் தட்டினார். படித்தவனும் படிக்காதவனும் இவ்வளவு சுலபமாக ஒன்றாகிவிடுவார்கள் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே தர்ப்பூசணி விதைத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

இருபத்திரண்டாவது நிமிஷம் வந்தது. அவர் எழுந்தே நின்றுவிட்டார். திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தார்.

"சம்பந்தி, இதோ பாருங்க. இடமிருந்து மூணாவது. நான்தான்."

ஃபுங் கொறிப்பதை நிறுத்தினார். வாயிலிருந்த விதைத் தோலை எடுத்துத் தட்டில் வைத்தார். பையன் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் வாத்தியாருக்கு வருமே ஒரு கருணை, அது அவர் முகத்தில் வந்தது.

"மூணாவது யாருன்னு தெரிஞ்ச விஷயமாச்சே. சண்டைக் குழுவுல ஒருத்தர் இருந்தார், அவர் பேட்டியிலயே சொல்லியிருக்கார். கட்டிங் எங்கிட்ட இருக்கு. நீங்க வேற படத்தச் சொல்றீங்களோ?"

"இல்ல, இதுதான். நடுவுல ஒரு நாள் ஆள மாத்தி நிக்கச் சொன்னாங்க... ஒருவேளை அவரு முன்னாடி..."

"நாலாவதா இருக்குமோ?" என்றார் ஃபுங். அப்புறம் சோபாவில் சாய்ந்து சிரித்தார். "பரவால்ல விடுங்க. மூஞ்சியத்தான் மூடியிருக்கே. யாரு வேணா நான்தான்னு சொல்லிக்கலாம்."

லோக்-ஹின் சிரித்துவிட்டான். ஹோய்-யிங் சிரிக்கவில்லை. அவள் காது சிவந்துவிட்டது. அப்பா பொய்யர் என்று மாமனார் வீட்டில் பெயர் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகப்போகிறாள். என் கணவர் திரையிலிருந்து விரலை எடுத்தார். எடுத்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அறுபத்து நாலு வயது மனிதர் அப்படிச் சுருங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தை என்னுடையது. இருபத்தெட்டு வருஷம் நான் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டு போன வார்த்தை. அதை ஷா டின்காரர் ஒருவர் என் வீட்டுச் சோபாவில், நான் வாங்கிவைத்த விதையைக் கொறித்துக்கொண்டு சொன்னதும், எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரை நான் சொல்வேன். கண்டவனெல்லாம் சொல்வதா?

"சம்பந்தி, அந்தப் பேட்டி கொடுத்தவரு வீட்டுக்கு சாயங்காலம் என்ன வாங்கிட்டுப் போனாருன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"பொணமா நடிச்சா சினிமாக் கம்பெனியில சிவப்பு உறையில காசு போட்டுக் குடுப்பாங்க, தீட்டுக் கழியறதுக்கு. அந்தக் காச வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது. வழியிலயே செலவு பண்ணிடணும், இனிப்பா ஏதாவது வாங்கி. பத்தொம்பது நாள் நடிச்சாரு. பத்தொம்பது நாளும் எனக்கு முட்டை டார்ட் வந்துச்சு. இவ வயித்துல இருந்தா. காதுக்குப் பின்னாடி ஒட்டின வெள்ளைப் பவுடர் தலைகாணி உறையில அப்பிக்கும். துவைச்சவ நான். பத்திரிகைக்காரனா வந்து துவைச்சான்?"

அதெல்லாம் உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவர் அங்கே பிணமாக நின்றார் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒருநாளும் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை. செத்தவன் வேஷம் கட்டியதற்கு இவ்வளவு பூரிக்கிற மனிதரிடம் ஆமாம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். கஞ்சத்தனம்தான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஐந்தில் எது அவர் என்று எனக்கும் தெரியாது. ஹோய்-யிங் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த வராது.

"மூணாவதா நின்னதும் இவருதான். நானே செட்டுக்குப் போயிருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

என் கணவர் நிமிர்ந்தார். நான் போகவில்லை என்பது உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பிணம் இருக்கும் இடத்துப் பக்கம், அது வேஷப் பிணமாகவே இருந்தாலும், யார் விடுவார்கள்? அந்தக் கோடையில் அவர் சட்டையை என் துணியோடு ஒன்றாகக் காயப்போடக்கூட நான் விட்டதில்லை.

ஃபுங் தோற்றுப் பழக்கமில்லாதவர். தப்பென்று ஒப்புக்கொள்ளவும் வாய் வராது, சம்பந்தியம்மாவைப் பொய் சொல்கிறாய் என்று சொல்லவும் முடியாது. கையை நீட்டி ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

"அப்ப நல்லதாப் போச்சு. இந்தக் காட்சியிலயே ஒரு இடத்துல காத்தடிச்சு மூணாவது ஆளோட காகிதம் தூக்கும், கண்ணிமைக்கிற நேரம். கேசட்டுல ஒண்ணும் தெரியாது. இதுல நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம். பாதி மூஞ்சி தெரியும். பாத்துட்டா யாருக்கும் சந்தேகம் இல்ல பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. படம் பின்னால் ஓடி, நின்று, துண்டு துண்டாக நகர ஆரம்பித்தது. ஐந்து பிணமும் காலைத் தூக்கின. அந்தரத்தில் நின்றன. இறங்கின. லோக்-ஹின் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டான். நான் என் கணவரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தார். உண்மை சொன்ன மனிதனும் அப்படித்தான் பிடிப்பான், பொய் சொன்னவனும் அப்படித்தான் பிடிப்பான். முப்பத்தொரு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய எனக்கு எதுவென்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது பிணத்தின் காகிதத்தில் கீழ் ஓரம் மெல்ல மடங்கியது.

தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு போய் டிவிக்கும் சிறு மேசைக்கும் நடுவில் நின்றேன். நான் ஒல்லியில்லை, எங்கள் டிவியும் பெரிதில்லை.

"சம்பந்தி, டீ ஊத்தறேன்."

எங்கள் வழக்கப்படி, ஊற்றுகிறவருக்கு நன்றியாக மேசையில் இரண்டு விரலால் தட்ட வேண்டும். ஊற்றி முடிவதற்குள் தட்டுவதை நிறுத்துவது மரியாதையில்லை. அதுவும் பெண் கொடுக்கிற வீட்டம்மா ஊற்றும்போது. ஃபுங் ஒரு கையில் ரிமோட்டைப் பிடித்தபடி மறு கையால் தட்டினார். நான் நூல் மாதிரி ஊற்றினேன். அவர் தலையை இடது பக்கம் சாய்த்தார். நானும் அந்தப் பக்கம் சாய்ந்தேன்.

"போதும், சம்பந்திம்மா."

"நல்ல பூ-ஆர் தேயிலை. குடிங்க."

முதுகுக்குப் பின்னால் படம் அடுத்தடுத்து நகரும் வெளிச்சம் சுவரில் விட்டுவிட்டு அடித்தது. ரிமோட்டை அவர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார், நானும் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். தேநீர் கோப்பையின் விளிம்புக்கு வந்தது, விளிம்பைத் தாண்டியது, மேசைக் கண்ணாடியில் பரவி அவருடைய விரல்களுக்கு அடியில் போனது. அந்த இரண்டு விரலும் ஈரத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. காகிதம் இந்நேரம் முழுவதும் தூக்கியிருக்க வேண்டும். என் கணவர் தலையைச் சாய்க்கவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.