செங்கல்பட்டுத் தொட்டிச் செடி

செங்கல்பட்டில் சடையப்பன் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் செடிக்கு யார் தப்பான பெயர் சொன்னாலும் தரையிலிருந்து ஒரு முழம் மேலே எழும்பிவிடுவார்கள். சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டால் இறங்கிவிடலாம். சரியான பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டால் ஊரில் பதில் இல்லை, ஏனென்றால் சரியான பெயர் யாருக்கும் தெரியாது.

செடி வந்தது சம்பூர்ணத்தின் கைங்கரியம். சடையப்பனின் மனைவி. மகள் பூங்கொடி சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் குதிரவில்லை என்று திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வேண்டிக்கொண்டு கழுத்தில் போட்டுவரும் மாலையைக் கல்யாணம் ஆகும்வரை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, ஆனபிறகு ஜோடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பூஜை அறையில் எறும்பு வந்துவிட்டது. கால்படாத இடம் என்று சம்பூர்ணம் மாலையை மாடியில் காலியாகக் கிடந்த தொட்டியின் மண்மேல் வைத்தாள். அடுத்த மழைக்கு அது துளிர்த்தது. தடித்த பளபள இலை, கத்திரி வெயிலிலும் ஒன்றுகூட உதிராது. தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற திருவேங்கடம் வந்து, நீளமான ஒரு பெயரைக் கம்பீரமாகச் சொல்லி, எழும்பினார். கௌரவம் விடவில்லை, சாப்பாட்டு நேரம்வரை அப்படியே நின்று, பசி தாங்காமல்தான் வாபஸ் வாங்கினார். செல்போனில் செடியைப் படம் எடுத்துப் பெயர் சொல்லும் ஆப்பைப் போட்டுப் பார்த்தாள் பூங்கொடி. அது ரப்பர் செடி என்றது. போன் கையைவிட்டு மேலே போய் நின்றது. எட்டிப்பிடித்து ஆப்பை அழித்த பிறகுதான் இறங்கியது.

இதெல்லாம் வேடிக்கை. வினை எதுவென்றால், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள். காப்பி குடித்துவிட்டு மாடிக்குப் போவார்கள், அறிவைக் காட்டுவார்கள், எழும்புவார்கள், அலறியடித்துத் தப்பு தப்பு என்று இறங்குவார்கள். இறங்கிய வேகத்தில் சம்பந்தத்தையும் கைவிட்டுவிடுவார்கள். செடியைத் தூக்கிப் போடலாம் என்றால், அது வேண்டுதல் மாலை. கல்யாணம் ஆகாமல் அகற்ற முடியாது. அகற்றாமல் கல்யாணம் ஆகாது. பூங்கொடிக்கு மாப்பிள்ளை என்ற சொல்லே அலுத்துவிட்டது. சொன்ன சொல்லில் ஒருத்தனாவது நிற்கமாட்டானா என்று அவள் ஏங்கினாள். அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷம் தை மாதம் சம்பத் வந்தான். ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன், சொந்த வேன். கூட அம்மா வரலட்சுமி. மாடி ஏறியதும் செடியைப் பார்த்து, "இது மகிழம்" என்றான். எழும்பினான். அலறவில்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்த்து, "அட, இங்கேர்ந்து கொளவாய் ஏரி சூப்பரா தெரியுதே" என்றான்.

பூங்கொடிக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போனது. பிடித்ததால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னாங்க மகிழம்? நரம்பப் பாருங்க. புன்னை" என்றாள். அவளும் எழும்பினாள்.

"ரெண்டு பேரும் மேல கீறீங்கன்னா ரெண்டுமே தப்புதானே?" என்று சடையப்பன் கீழேயிருந்து நியாயம் பேசினார். காதில் வாங்க ஆள் இல்லை. இலையின் ஓரம் நெளிகிறதா இல்லையா என்று மேலே வாக்குவாதம் போய்க்கொண்டிருந்தது.

"பேஜாரு புடிச்ச வூடு. தப்புன்னு சொல்லிட்டு எறங்குடா, போலாம்" என்று வரலட்சுமி படிக்கட்டில் நின்று கத்தினாள். வாக்குவாதம் நின்றது. ஒரு வார்த்தை போதும், இவனும் இறங்கிப் போய்விடுவான். பூங்கொடி இலையை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தாள். சம்பத் அம்மாவைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான்.

"மகிழம்தாம்மா" என்றான். "இவங்க இன்னா சொன்னாலும் மகிழம்தான்."

சம்பூர்ணம் அழுதேவிட்டாள். வரலட்சுமி முறைத்துக்கொண்டே இன்னொரு காப்பி கேட்டாள்.

கல்யாணம் பங்குனியில் நடந்தது. மணமக்கள் மணைக்கு ஒரு முழம் மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், நாத்தனார் மூன்றாவது முடிச்சை ஸ்டூல்மேல் ஏறிப் போட்டாள், அட்சதையை எல்லோரும் அண்ணாந்து போட்டார்கள். தொட்டியோடு திருவிடந்தைக்குப் போனபோது பட்டர், இவ்வளவு பசுமையான மாலையை நான் பார்த்ததில்லை என்று தீர்த்தம் தெளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ஜோடி மாடியிலேயே ஒரு அறை கட்டிக்கொண்டு குடியிருக்கிறது. தெருவில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் இவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இந்த ஆவணியில் செடி பூத்தது. மகிழம்பூ இல்லை, புன்னைப்பூ இல்லை. கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும். இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். பூங்கொடி ஒன்றைப் பறித்துத் தலையில் செருகிக்கொண்டு, "புன்னைப்பூ எனக்கு நல்லா கீதா?" என்று கேட்டாள்.

"மகிழம்பூ உனக்கு எப்பவுமே அழகு" என்றான் சம்பத்.

இருவரும் இன்னொரு முழம் எழும்பினார்கள். மறுநாள் சடையப்பன் ஆள் வைத்து அந்த அறையின் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தார்.