சிவப்பு டப்பா

பர்மாவில், போட்டாதாங் பேட்டையில் ஒரு சீனக் கம்பெனியின் புது ஆபீஸ் சுவரில் உலகப்படம் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு பெயிண்ட் டப்பாவைத் திறந்தால், அந்த நிறத்து நாடுகளையெல்லாம் முடித்த பிறகுதான் அடுத்ததைத் திறப்பேன்.

மேனேஜர் லியாங் வந்து பார்த்தார். சீனா சிவப்பு, தைவான் பச்சை. அவர் முகம் மாறிவிட்டது.

"கோ சொக்கன், அது எங்கள் நாடு. யாரைக் கேட்டுப் பச்சை அடித்தீர்கள்?" என்று பர்மியில், 'கோ' என்ற மரியாதை மட்டும் குறையாமல், கத்தினார்.

பார்த்து வரைந்த பழைய படத்தில் அப்படித்தான் இருந்தது என்றேன்.

"அந்தப் படத்தைக் கிழித்துப் போடுங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. கட்டைவிரல் அளவு இடத்துக்கு இத்தனை கூச்சலா? இருந்தாலும் மூடிய சிவப்பு டப்பாவைத் திறந்து அடித்தேன். சீனாவுக்குத் தெற்கே கடலில் இருந்த புள்ளிப் புள்ளித் தீவுகளையும் விரலால் காட்டிக் காட்டி அடிக்கவைத்தார்.

ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்றபோதுதான் என் தப்பு தெரிந்தது. காலையில் சிவப்பு அடித்த வேகத்தில், பக்கத்திலிருந்த நம் பர்மாவுக்கும் அதையே அடித்திருக்கிறேன்.

"மன்னிக்கணும், பர்மாவை மஞ்சளாக மாற்றிவிடுகிறேன்" என்றேன்.

லியாங் படத்தைப் பார்த்தார்.

"நானும் அப்போதே கவனித்தேன். அது பரவாயில்லை, இருக்கட்டும்."