கலோஜெரோ முடிக்காத சுரம்

"உது என்ன சத்தம், சிஞோரா?" என்று வேலைக்கு வந்த முதல் நாள் றோசமலர் கேட்டாள்.

"அப்பா பாடுறார்," என்றாள் வீட்டுக்கார நின்ஃபா.

"அவர் அங்கை இருந்து சூப் குடிக்கிறாரே!"

"ஓம். பாட்டு முந்தியே தொடங்கினது." அவ்வளவுதான் விளக்கம். அடுத்ததாக நின்ஃபா இஸ்திரிப்பெட்டி இருக்கும் அலுமாரியைக் காட்டினாள்.

அந்தச் சுரம் அப்போதே நாலாவது வருடத்தில் இருந்தது. நின்ஃபாவின் அப்பா கலோஜெரோ ஸ்பத்தாரோ, பலெர்மோ நகரை அடுத்த ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன்பிடிக்காரரின் வீட்டில் பிறந்தவர். அவரது முதல் அழுகை அவ்வளவு தாழ்ந்த குரலில் இருந்ததால், கடலுக்குப் போன படகுகள் துறைமுகத்தில் சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டன. அன்று ஊரில் மீன் விலை ஏறியது. பலெர்மோவில் ஓபரா இசைநாடகம் படித்தார். ஓபராவில் உச்சக்குரல்காரன்தான் காதலன், நாயகி அவனுக்குத்தான். கலோஜெரோவுக்கு வாய்த்தது அதற்கு ஒரு படி கீழே நிற்கும் பாரித்தோன் குரல். அந்தக் குரலுக்குத் தகப்பன், வில்லன், பொறாமைக்காரன் என்ற வேடங்களே கிடைக்கும். கடைசியில் யாராவது வந்து குத்துவார்கள். அவர் கத்தானியா, நாப்போலி, மிலானோ என்று ஊர் ஊராகக் குத்துப்பட்டுச் செத்தார், பேரும் புகழும் பெற்றார். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பும் கணவரைக் கறுப்புச் சட்டையில் வரவேற்றுப் பழகிய மனைவி, தன் முறை வந்தபோது வெள்ளை உடுத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

அவருக்கு வயதான காலத்தில் பலெர்மோ அரங்குக்குப் புதிய இசை நடத்துநர் ஒருவர் வந்தார். நடத்துநர் கையை இறக்கினால் பாட்டு நிற்க வேண்டும், அது மேடை ஒழுங்கு. அன்றைய ஓபராவில், மகளின் காதலனிடம் குத்து வாங்கிய தகப்பன் கடைசிச் சுரத்தைப் பாடி முடித்துவிட்டு விழவேண்டிய இடம் வந்தது. கிழவர் இழுக்கிறார் என்று நடத்துநர் கையைச் சற்று முன்னதாகவே இறக்கிவிட்டார். கலோஜெரோ நிறுத்தவில்லை. திரை விழுந்தது, வாத்தியக்காரர்கள் பெட்டிகளை மூடினார்கள், சனம் கலைந்தது. நெஞ்சில் சிவப்புச் சாயம் பூசிய மேலங்கியோடு, பாடியபடியே அவர் வீடு இருக்கும் போர்கோ வெக்கியோவுக்கு நடந்து வந்தார். வாசலில் வாயை மூடினார். சுரம் மூடவில்லை.

அரங்கு அவருக்கு ஓய்வு கொடுத்து, பாராட்டுக் கேடயமும் அனுப்பியது. "சுரம் முடிஞ்சால்தான் நான் விழவேணும். அது முடியேல்லை, நான் விழவுமில்லை," என்று கேடயத்தைத் திருப்பி அனுப்பினார். அன்று முதல் அந்த மேலங்கியை அவர் கழற்றவில்லை. மேல்மாடிக்காரர்கள் முறையிட்டதால் போலீஸ்காரர் இருவர் வந்து வாயை மூடச் சொன்னார்கள்; வாய் மூடித்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது. கண்ணாடிக் குவளைகளைத் துணியில் சுற்றி வைத்தார்கள். அந்தப் பக்கத்துப் பல்கனிகளில் காயப்போட்ட துணி சுறுக்காக உலர்ந்தது. கீழே சந்தையில் வாள்மீன் விற்பவன் அந்தச் சுரத்தைப் பிடித்துத்தான் கூவத் தொடங்குவான்.

"அந்தச் சாயத்தைத் தோய்ச்சு விடு, றோசா. நாடகம் முடிஞ்சுது," என்று நின்ஃபா அடிக்கடி சொல்வாள். றோசமலர் கழுத்துப் பட்டியைத் துடைப்பாள், கையைத் துடைப்பாள், நெஞ்சுப் பக்கம் போகமாட்டாள்.

அவளுக்கும் ஒரு மூடிய வாய் இருந்தது. மன்னார் பேசாலையிலிருந்து வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவில் சேர்ந்தாள். குழுவை நடத்தும் வலன்ரைன் நல்ல பிள்ளை, பயபக்தியாகவே சொன்னான்: "அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் வாயை மட்டும் அசைச்சால் காணும். சத்தம் விட்டால் பொம்பிளையளின்ரை வரிசைக்குள்ளை லொறி பூந்த மாதிரிக் கிடக்கு." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து கர்த்தருக்கு முன்னால் வாயை மட்டும் அசைத்தாள்.

ஆனால் கலோஜெரோ வீட்டில் சட்டை தேய்க்கும்போது ஒருநாள் தொண்டையைத் திறந்து பார்த்தாள். அவள் குரல் போய் அந்தச் சுரத்தின் மேல், அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. அடுத்த அறையில் கிழவர் இருமுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு தன் அறைக்கதவை அவர் சாத்தவே இல்லை. கேட்க வேண்டியது ஒன்று அன்றே அவள் நாக்கில் வந்து குந்தியது. இவரும் லொறி என்று சொல்லிவிட்டால்? வருடக்கணக்காக அதை விழுங்கிக்கொண்டே தரை துடைத்தாள்.

இந்தத் தை மாதம் சுரம் மெலிந்தது. வாள்மீன்காரன் தொடக்கம் பிடிபடாமல் கூவித் தடுமாறினான். வைத்தியர் வந்து கிழவரின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, இது நின்றால் அவரும் நிற்பார் என்றார். செய்தி அரங்குக்கும் எட்டியது. ஊதா நாடா கட்டிய மலர்வளையம் ஒன்று முன்கூட்டியே வந்து இறங்கியது. நின்ஃபா அதற்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். றோசமலர் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே போய், வெறுங்கையோடு திரும்பினாள்.

"ஆர் வந்தது?" என்று படுக்கையிலிருந்து கலோஜெரோ கேட்டார்.

"தியேட்டரிலையிருந்து பூ வந்தது, மேஸ்திரோ."

"எங்கை அது?"

"வாள்மீனுக்குக் கீழை."

அவர் சிரித்தார். சிரிப்பில் சுரம் நூலாய்த் தேய்ந்து, அறுந்துவிடும்போல ஆடியது. மேலங்கியின் சிவப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "அந்த நடத்துநர் இறக்கின கை இன்னும் இறங்கித்தான் கிடக்கு, றோசா. எனக்குத்தான் மூச்சுக் காணேல்லை."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். பல்கனிக் கதவைச் சந்தைப் பக்கமாக அகலத் திறந்து வைத்தாள். கட்டிலருகே வந்து, மேடையில் அவர் நிற்பதுபோலக் காலை அகட்டி ஊன்றி நின்றாள்.

"மேஸ்திரோ, உதை என்னட்டைத் தாங்கோ. இனி நான் பிடிக்கிறன்."