கறுப்புக் களம்

கஸ்தூரி காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டு போனாள். வலது காலை முன்னே ஊன்றி, இடது காலை ஓரமாக இழுத்து, மறுபடி வலது. அவள் போன தடத்தில் நெல் இரண்டு பக்கமும் ஒதுங்க, நடுவில் கறுப்புக் கல் தெரிந்தது. களத்தின் கோடிவரை போய்த் திரும்பினாள். மஞ்சள் நெல்லில் கறுப்புக் கோடுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன. தாழ்வாரத்து நிழலில் நின்ற பெங்களூர்க்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"அந்தக் காலத்துல அவிச்ச நெல்லை இப்படித்தான் காய வைப்பாங்க," என்று சிந்துஜா மைக்கில் சொன்னாள். "மெஷின் கிடையாது. காலுதான் மெஷின்."

கூட்டம் சிரித்தது. இந்த இடத்தில் எல்லாக் கூட்டமும் சிரிக்கும்.

கஸ்தூரி அவளுடைய மாமியார். அதை மைக்கில் சொல்வதில்லை.

துரிஞ்சலாற்றங்கரையில் ஒரு காலத்தில் வரிசையாக அரிசி மில்கள் ஓடின. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து நெல்லெல்லாம் முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு லாரியிலும் இங்கேதான் வந்து இறங்கும். ஆற்றில் தண்ணீர் இருந்தவரை நெல் ஊறவைக்கும் தொட்டிகள் காய்ந்து யாரும் பார்த்ததில்லை. சிந்துஜாவின் அம்மாவும் கஸ்தூரியும் ஒரே களத்தில் நெல் தள்ளியவர்கள். சிந்துஜாவும் இளவரசனும் அந்த நெல் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடி, வளர்ந்து, பேசாமலிருந்து, மறுபடி பேசி, கடைசியில் இரண்டு வீட்டிலும் யாரும் ஆச்சரியப்படாதபடி கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அதற்குள் மில்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. இருந்ததிலேயே பெரிய மில்லைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியது. புகைபோக்கியில் முளைத்திருந்த அரச மரத்தை வெட்டிவிட்டு, பாய்லர் கொட்டகையில் காபிக் கடை திறந்தார்கள். அடுத்த வருஷம் பழைய இயந்திரங்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துக் கண்காட்சி வைத்தார்கள். பிறகு நெல் கிடங்கு தங்கும் அறைகளானது. ஆற்றோரம் நடைபாதை வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, தண்ணீர்தான் வரவில்லை. கிரிவலம் முடித்தவர்கள் இங்கே வந்து தங்க ஆரம்பித்தார்கள். காபிக் கடைக் கல்லாவில் சேர்ந்த சிந்துஜா இந்த இடத்தோடு சேர்ந்தே வளர்ந்து விருந்தினர் பொறுப்பாளர் ஆனாள். களத்தில் நெல் தள்ளிக் காட்ட ஆள் வேண்டும் என்று மேனேஜர் அன்பரசன் சொன்னபோது, அவள்தான் முந்திக்கொண்டாள்.

"எங்க அத்தைக்கு நல்லாத் தெரியும் சார்."

சர்க்கரை வியாதியோடு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். களத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது? களத்துக்குப் போயி கறுப்புக் கல்லு போட்டிருக்கானுங்க?"

"மேல இருந்து படம் புடிச்சா நெல்லு பளிச்சுனு தெரியும்னு எஞ்சினியரு போட்டாரு அத்தே."

"மேல இருந்து யாருடி பாக்கப் போறா? காக்காவா?"

பழைய களம் வெளுத்த சிமெண்டுத் தரை. அப்போதெல்லாம் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். கணுக்கால்வரை நெல்லில் புதையும், தரை காலில் படாது. இப்போது களம் முழுக்கத் தெரிய வேண்டும் என்று கொஞ்ச நெல்லை மெலிசாக இறைத்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் அதைக் கூட்டி அள்ளி, மறுநாள் அதையே இறைப்பார்கள்.

"இந்த நெல்லு எப்பத்தான் அரிசியாவப் போவுதோ," என்று கஸ்தூரி சொல்லிச் சிரிப்பாள். "என்னாட்டமே வெயில்ல கெடக்குது."

சித்திரை பிறந்ததும் சிந்துஜா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "செருப்புப் போட்டுக்குங்க அத்தே. கல்லு காயுது."

"நெல்லு மேல செருப்புக் காலா? துன்ற சோத்த மிதிக்கச் சொல்றியா? போடி."

அன்பரசனிடமும் கேட்டாள். காலையிலேயே வைத்துக்கொள்ளலாமா சார், வெயில் ஜாஸ்தியா இருக்குது.

"தரிசனம் முடிச்சு, டிபன் சாப்ட்டு, இங்க வர பன்னெண்டாயிடுது சிந்துஜா. காலையில யாருக்குக் காட்றது? ஆத்துக்கா?" அவர் மடிக்கணினியிலிருந்து தலை தூக்கவில்லை. "செருப்புக் குடுங்களேன்."

"அவங்க வேணான்றாங்க சார்."

"அப்புறம் என்ன?"

"சரி சார்," என்று அவள் வந்துவிட்டாள். வேணான்றாங்க என்று தான் சொன்னது அங்கேயே மேஜை மேல் கிடந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

தாழ்வாரத்தில் நின்ற பெங்களூர்க் கூட்டம் கைதட்டியது. கஸ்தூரி களத்தைவிட்டு வெற்றுக் கல்லின்மேல் நடந்து தாழ்வாரத்துப் பக்கம் வந்தாள். அவள் பின்னால் கல்லில் ஈரத் தடம் விழுந்திருந்தது. இடது காலின் தடம் மட்டும். அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் கண்ணெதிரே காயும். இது ஓரம் மட்டும் காய்ந்து, நடுவில் பசைபோலப் பளபளத்தது. லேசான சிவப்பு.

சிந்துஜா அதைப் பார்த்தாள். ஒரு சின்னப் பெண் குனிந்து அந்தத் தடத்தைப் படம் எடுத்தாள். "சோ பியூட்டிஃபுல்," என்று தன் அம்மாவிடம் காட்டினாள்.

அதே நேரம் வாசலில் பஸ் ஹாரன் கேட்டது. கோயம்புத்தூர் டிராவல்ஸ்காரர்கள். இவர்களுக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆள் அனுப்புவார்கள் என்று அன்பரசன் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த கூட்டம். அவரே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து, சிந்துஜாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"போதுமா பாப்பா? போலாமா?" என்று கஸ்தூரி சிந்துஜாவிடம் கேட்டாள்.

சிந்துஜாவின் கண் இன்னும் கல்லில்தான் இருந்தது.

"அத்தே, இன்னும் ஒரே ஒரு கூட்டம்."

கஸ்தூரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வரட்டும் வரட்டும். இன்னிக்குக் காலு பஞ்சாட்டம் இருக்குது," என்று சொல்லிவிட்டு நெல்லுக்குப் போனாள்.

சிந்துஜா மைக்கை உயர்த்தினாள். "அந்தக் காலத்துல அவிச்ச நெல்லை..."

சாயங்காலம் வீட்டில் வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவை இளவரசன்தான் பார்த்தான். தன் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கியவன் அப்படியே குந்தி உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். பாதத்தின் தோல் உரிந்து, சோற்றுக் கரண்டி அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே ஒரு நெல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்கலயாம்மா?"

"இல்லியேடா. இன்னா இருக்குது?"

அவன் விரலால் அழுத்தினான். கஸ்தூரி தெருவில் போன தயிர்க்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு குச்சியால் கால் முழுக்கத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். எதற்கும் அவள் தலையாட்டவில்லை. உணர்ச்சி போய் ரொம்ப நாளாகிறது, சூடு தெரிந்தே இருக்காது, கூட இருக்கிறவர்கள்தான் தினமும் பார்த்திருக்க வேண்டும் என்றார். மருந்து வைத்துப் பார்த்தார்கள். சீழ் விரல்கள்வரை ஏறியது. சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

வார்டு வராந்தாவில் இளவரசன் டீ வாங்கிவந்து சிந்துஜாவிடம் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நீ கூடவேதானே சிந்து நின்ன?"

"ம்."

"பாக்கலியா?"

டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை ஊதினாள். "பாக்கல," என்றாள்.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவள் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டாள். மறுநாள் அப்படி நினைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு கட்டுப் பிரித்துப் போடுவது சிந்துஜாவின் வேலையானது. யாரும் சொல்லாமல் அவளே எடுத்துக்கொண்டாள். பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைக்கும்போது, வலிக்குதா அத்தே, வலிக்குதா அத்தே என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வலிக்காது என்று இருவருக்கும் தெரியும்.

ஒருநாள் கஸ்தூரி சொன்னாள். "சும்மா சும்மா கேக்காத பாப்பா."

சிந்துஜா பஞ்சை மறுபடி நனைத்தாள்.

"எம்புள்ள நேத்து மறுபடி கேட்டான். உம்பொண்டாட்டி மைக்குல பேசினுருக்கா, அவ எங்கடா பாத்தா, பாத்திருந்தா வுட்டிருப்பாளான்னு சொல்லிட்டேன்." சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நீயும் அதே சொல்லிக்கினு இரு. ரெண்டு பேரும் ரெண்டா சொன்னாத்தான் வம்பு."

சிந்துஜா பஞ்சைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

"அத்தே... நான்..."

"கட்டப் போடு. ஈ வருது." கஸ்தூரி காலை நீட்டிக் கொடுத்தாள். "என் வேலய யாருக்காச்சும் குடுத்துட்டானுங்களா?"

"ஆள் தேடுறாங்க. சக்கரை இல்லாத ஆளா வேணுமாம்."

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொண்ணு பாக்கற மாதிரியில்ல கேக்கறானுங்க. திரௌபதியக் கூட்டிம்போ. அவளுக்கு ஒரு எழவும் கெடையாது. எங்கூட களத்துல இருந்தவதானே."

மில்லில் இதற்குள் ஒரு மாற்றம் நடந்திருந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையன் படம் எடுத்துக்கொள்ள வெறுங்காலோடு களத்துக்குள் ஓடி, அலறிக்கொண்டு திரும்பினான். அவன் அப்பா அன்பரசனிடம் சத்தம் போட்டார். கோயில் பிராகாரத்தில்கூடப் பாய் விரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள், உங்களுக்கு அந்த அறிவு வேண்டாமா என்று கேட்டார். மறுநாளே தென்னைநார் விரிப்பு வந்து இறங்கியது. தாழ்வாரத்திலிருந்து களத்தின் ஓரம்வரை, விருந்தினர்கள் நின்று படம் எடுக்கும் இடத்துக்கு, அகலமாக விரித்தார்கள். தோட்டக்காரர் குழாய் போட்டு அதை நனைத்துக்கொண்டே இருந்தார்.

"சார்," என்றாள் சிந்துஜா. "இதையே நெல்லுக்கு அடியிலயும் போட்டா..."

"அடியிலயா? கல்லு மறைஞ்சிடுமேம்மா. அப்புறம் கோடு எங்க விழும்?" அன்பரசன் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "அத்தை எப்படி இருக்காங்க? பழம் வாங்கிட்டுப் போங்க, நம்ம கணக்குல. அப்புறம், ஆபீஸ் வாசல்ல பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். அந்தப் பெங்களூர்ச் சின்னப் பெண் எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கறுப்புக் கல்லில் பளபளக்கும் ஒரு பாதம். விரல்கள் ஐந்தும் தெளிவாகப் பதிந்திருந்தன.

திரௌபதி வந்தது ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் அதிகம். நார் விரிப்பின்மேல் செருப்பும் ஷூவுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சிந்துஜா மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"கஸ்தூரிக்கு எப்படிம்மா இருக்குது?" என்று திரௌபதி கேட்டாள்.

"பரவால்ல. சித்தி, ரொம்ப சூடா இருந்தா..."

"இருந்தா?"

சிந்துஜா அன்பரசனைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைக் காட்டினார். "ஒண்ணுமில்ல சித்தி. போங்க," என்றாள்.

திரௌபதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விரிப்பைவிட்டு இறங்கினாள். கல்லில் கால் பட்டதும் அவள் முகம் மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நெல்லுக்குப் போனாள். வலது கால், இடது கால். நாலு எட்டு ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு காலைத் தூக்கி மற்றதன்மேல் தேய்த்தாள். நெல் கொஞ்சம் கனமாகக் கிடந்த இடத்துக்குத் தாவினாள். அங்கே நிற்க முடியாமல் அடுத்த இடத்துக்கு. கைகளை அகல விரித்து, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, நுனிக்காலில் ஓடி, குதித்து, மறுபடி ஓடினாள். நெல்லில் கோடுகள் வளைந்து வளைந்து விழுந்தன.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். இன்னொருவர் அதோடு சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அவள் கால் விழும் வேகத்துக்கு ஒன்றாகத் தட்ட ஆரம்பித்தார்கள். கைத்தட்டல் கூடக்கூடத் திரௌபதியின் குதிப்பும் கூடியது.

முன்னால் நின்ற அம்மாள் ஒருவர், செல்போனை இறக்காமலே சிந்துஜாவின் பக்கம் சாய்ந்து, "இந்த டான்ஸுக்குப் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

சிந்துஜாவின் செருப்புக் காலுக்கடியில் நார் விரிப்பு குளுகுளுவென்று இருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனாள். கூட்டம் தட்டிக்கொண்டே பதிலுக்காக அவளைத் திரும்பிப் பார்த்தது.