சல்லடை அறை

விடியும் முன்பே சல்லடை ஆடத் தொடங்கிவிட்டது. செங்கல் நிறச் சாயத்தூள் மாவாய் இறங்க, கதிர்வேல் அள்ளி அள்ளி டப்பாவில் அடைத்தான். காய்ந்திருக்கும்வரைதான் அது சிவப்பு. வியர்வை பட்டால் மஞ்சள் பச்சை. கழுத்து மடிப்பு, இமை ஓரம், துப்பும் எச்சில் எல்லாம் அந்த நிறம்தான். கண் மருத்துவமனைகளில் இதைக் கரைத்துக் கை நரம்பில் ஏற்றி விழித்திரையைப் படம் பிடிக்கிறார்கள். கடலூர் ஆலையில் அதைச் சலிப்பவர்களுக்கு ஆளுக்கொரு துணி முகமூடி. தூளை வெளியே இழுக்கும் மின்விசிறி பொங்கலுக்கு முன்பே நின்றுவிட்டது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கதிர்வேல் வேதியியல் படித்தவன். மனைவி செத்த பிறகு எதையும் கேட்பதில்லை.

முந்தின நாள் ஆரோக்கிய ஜெனிபர் சல்லடையருகே மூச்சு முட்டி விழுந்தாள். இப்போது சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் கிடக்கிறாள். அவள் இடத்தில் நிற்கச் சொன்னபோது கூட வேலை பார்க்கும் ஞானமேரி கையைக் கட்டிக்கொண்டாள். சல்லடை நின்றது. முதலாளி வைத்திலிங்கம் டீ கிளாசோடு வந்தார்.

"இது மருந்தும்மா. டாக்டரே நரம்புல ஏத்துறாரு. மூக்குல கொஞ்சம் போனா என்னா?"

"அங்க ஊசி போடறப்ப டாக்டரு பக்கத்துல நிக்கிறாரு. ஜெனிபர் வுழுந்தப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"அவளுக்கு ஏற்கெனவே இளைப்பு. ரூம பாரு, தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. எங்க பறக்குது தூளு?"

கதிர்வேலுக்கு என்ன வந்ததோ, குழல்விளக்குகளை அணைத்துவிட்டு, டப்பாக்களில் கறை பார்க்கும் நீல விளக்கைப் போட்டான். ஈரம் பட்ட இடமெல்லாம் பச்சையாய் எரிந்தது. தண்ணீர்ப் பானையின் வாய். ஞானமேரியின் உதடு. நேற்று ஜெனிபர் சுவரைப் பிடித்த இடத்தில் ஐந்து விரல்கள்.

பின்னால் நின்ற தொழிலாளி சிங்காரம் சொன்னான்: "மொதலாளி, ஒங்க மீசையிலயும்."

வைத்திலிங்கம் துடைத்தார். கைக்குட்டையும் பச்சையானது. யாரோ சிரித்துவிட்டார்கள்.

"லைட்டப் போடுடா."

"போட்டா போயிடுமா சார்?" என்றான் கதிர்வேல்.

"புடிக்கலன்னா கெளம்புங்க. கேட்டுக்கு வெளிய ஆளா இல்ல?"

கிளம்பினார்கள். கேட் பூட்டப்பட்டது. வெயில் ஏறியது. தொழிலாளர் அலுவலகத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. ஜெனிபரின் கணவன் ஆண்ட்ரூ சிதம்பரத்திலிருந்து பேசினான். கண் திறந்தாளாம். பேச்சு வரவில்லையாம்.

மதிய ஷிப்டு வேன் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தது. செக்யூரிட்டி அதற்கு மட்டும் கேட்டைத் திறந்தான். வேனிலிருந்து கலியமூர்த்தி கதிர்வேலை எட்டிப் பார்த்தான்.

"என்னா மச்சான், தொரத்திட்டானா?"

"ஃபேன் ஓடாம உள்ள போறதில்லன்னு வந்துட்டோம். நீங்களும் போவாதீங்க."

"போவலன்னா ஃபேன் ஓடுமா?"

"தெரியல."

"நாளைக்கு வேல இருக்குமா?"

"அதுவும் தெரியல."

"நல்லா கூப்புட்ற போ." கலியமூர்த்தி திறந்திருந்த கேட்டைப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "டிரைவரே, ஓரங்கட்டு."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். மதில் நிழல் அத்தனை பேருக்கும் போதவில்லை. ஞானமேரி நகர்ந்து இடம் விட்டாள். கலியமூர்த்தி பாதி உடம்பை வெயிலில் விட்டுக் கதிர்வேலை ஒட்டி உட்கார்ந்தான்.