கராத்தே வகுப்பில் கேசரி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டின் மாடி ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால், வெள்ளை உடுப்பும் கறுப்புப் பட்டையுமாகச் செந்தில்நாதன் மாஸ்டர். அவருக்கு இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டி நின்ற மாணவர் கவின்ராஜ். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். என் காலடியில், பாய் விளிம்பில், என்னோடு கம்பெனியில் வேலை செய்யும் மாதம்மா. ஜன்னலோர சோபாவில், ஊதாப் பட்டுச்சேலையில் மாஸ்டரின் அம்மா வள்ளியாத்தாள். அவர் முன்னால் டீப்பாயில் ஒரு தட்டு கேசரி, ஒரு தட்டு மிக்சர்.

கராத்தே வகுப்பில் கேசரி எதற்கு என்ற சந்தேகம் எனக்கு உட்கார்ந்தவுடனே வந்துவிட்டது.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்மெண்ட்ஸில் எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். ஐந்தேகாலுக்குக் காலி மனைகளைத் தாண்டி நடந்துபோய்க் கம்பெனி வேன் ஏற வேண்டும். நவம்பரில் ஒரு நாள், பைக்கில் வந்த ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. பால் வண்டி வெளிச்சம் தெரிந்ததும் அவன் விட்டுப் போனான்.

இதை ஊரில், ராமாபுரத்திலிருக்கும் என் அண்ணன் சீனிவாசனிடம் போனில் சொன்னது என் தப்பு. "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொறப்பட்டு வா" என்றார். நான் அழுது கேட்டபிறகு ஒரு நிபந்தனை போட்டார். அவருக்குத் தெரிந்த செந்தில்நாதனிடம் சேர்ந்து தற்காப்புக் கற்க வேண்டும். இல்லையென்றால் பொங்கலோடு மைசூர் முடிந்தது. ஆறு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவளுக்குப் பிப்ரவரியில் சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படி விடுவது?

மாஸ்டர் ஒரு படிவம் நீட்டினார். பெயர், வயது, போன் நம்பர். அவற்றுக்குக் கீழே பேனாவால் புதிதாக எழுதியிருந்தது: நட்சத்திரம், குலதெய்வம்.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"உடம்பு வாகு பாக்கறதுக்குங் அம்மிணி. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு அடிமுறை இருக்குதுங்."

நான் அந்த இரண்டு கோடுகளையும் காலியாக விட்டுப் படிவத்தைக் கொடுத்தேன்.

பிறகு வித்தை காட்டினார். கவின்ராஜ் ஓடிவந்தார், மாஸ்டர் கையை வீசினார், கவின்ராஜ் விழுந்தார். எட்டுத் தடவை விழுந்ததை என் நோட்டில் குறித்தேன். அதில் மூன்று தடவை மாஸ்டரின் கை அவரைத் தொடவே இல்லை.

"ஏனுங்க, தொடறதுக்கு முன்னாடியே உழுகறாரே?"

"காத்துலயே சக்தி போகுதுங்."

"காத்து இந்தப் பக்கமும்தான் வந்துச்சு சார். நான் கெட்டியாத்தானே உக்காந்திருக்கேன்?" என்றாள் மாதம்மா, மிக்சரை மென்றபடி.

மாதம்மா லாரியிலிருந்து துணிப்பொதி இறக்குகிறவள்; பேச்சில் கன்னடம் கலக்கும். அவளை அழைத்து வந்ததே ஒரு காரியத்துக்காக. "இவங்க உங்க கையப் புடிக்கட்டுங்க. நீங்க விடுவிச்சுக் காட்டுங்க" என்றேன். மாஸ்டர் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார். மாதம்மா உள்ளங்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிடித்தாள்.

அவர் இடப்பக்கம் முறுக்கினார், வலப்பக்கம் முறுக்கினார். பிடி அசையவில்லை.

"கொஞ்சம் லூசாப் புடிங்கம்மா, முறை காட்டோணுமில்ல?"

"ரோட்டுல புடிக்கறவன் லூசாப் புடிப்பானா சார்? நான் விடணுமா, பேடவா? அதச் சொல்லுங்க."

வள்ளியாத்தாள் பதறி எழுந்தார். "உடு தாயி! கல்யாணத்துக்கு நிக்கற பையன் கையி!"

கவின்ராஜ் கோப்பைகளை எண்ணுவதுபோல் அலமாரியைப் பார்த்தார். மாதம்மா பிடியை விடாமலே என்னிடம் திரும்பினாள். "ஜோதி, இதேனு இது? கிளாஸா, பொண்ணு பாக்கறதா?"

"உங்கண்ணன் சொல்லலியா கண்ணு?" என்றார் வள்ளியாத்தாள். "கத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சுன்னாரே!"

கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "இங்க சேர்ந்து நின்னுபோனவங்க யாராச்சும் ஒருத்தர் நம்பர் குடுங்க" என்றேன்.

"எங்கிட்ட வந்தவங்க யாரும் நின்னதே இல்லைங்."

படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மகேஸ்வரி என்பவரின் ஜூடோ வகுப்புக்குப் போனோம். அங்கே எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகம். ஒரு கோப்பைகூட இல்லை. முதல் இரண்டு வாரம் இலவசம் என்கிறார். யார் சும்மா சொல்லிக் கொடுப்பார்கள்? சோபா இருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை.

நின்றுபோனவர் நம்பர் கேட்டதும் மூன்று நம்பர் கொடுத்தார். அங்கேயே ஒன்றைக் கூப்பிட்டேன். வைஷாலி என்ற பெண் எடுத்தாள். "முட்டி வலின்னு நின்னுட்டேன்கா. மேடத்துக்கு வாய் ஜாஸ்தி. ஆனா வராததை வரும்னு சொல்லமாட்டாங்க."

மாதம்மா பிடித்தாள். மகேஸ்வரியாலும் முதல் தடவை விடுவிக்க முடியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. "யம்மா, இது கையா, இடுக்கியா?" என்று சிரித்தார். மூன்றாம் தடவை ஒட்டி நெருங்கி, மாதம்மாவின் கட்டைவிரல் பக்கமாகச் சட்டென்று திருப்பி உருவினார். மணிக்கட்டு சிவந்திருந்தது.

"மூணுல ஒண்ணு. ஒரு மாசத்துல நீங்க யாரையும் அடிச்சுப் போட்டுட முடியாது. அப்படிச் சொல்றவங்களை நம்பாதீங்க. கத்தறது, உருவறது, ஓடறது, இது மட்டும் வரும். எங்க, இப்பக் கத்துங்க."

எனக்குக் காற்றுதான் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் என்றேன். "அப்ப அதுதான் உங்களுக்கு முதல் பாடம்" என்றார்.

நான்காவது வகுப்பில் மாதம்மா என் கையைப் பிடித்தபோது, "விடுறா!" என்ற சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அன்று மாலையே அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் பாதியிலேயே மறிப்பார். கடிதம் என்றால் நிர்மலா அண்ணி உரக்கப் படிப்பார். அண்ணன் முழுவதும் கேட்டே ஆக வேண்டும். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் தொடங்கி, கேசரி, நட்சத்திரம், எட்டுத் தடவை விழுந்தது என்று வரிசையாக எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்:

"என்னிடம் சொல்லாமல் பெண் பார்க்க வைத்தது தப்பு, அண்ணா. நீங்கள் சொன்னபடி தற்காப்புக் கற்கிறேன். ஆசிரியரை நானே பார்த்து எடுத்துக்கொண்டேன். வேன் வரைக்கும் மாதம்மா கூட வருகிறாள். பொங்கலுக்கு வருவேன். மூன்று நாள் லீவு. நான்காம் நாள் எனக்கு ஆறு மணி ஷிப்ட்."

மறுநாள் ஷிப்ட் முடிந்து தபால் ஆபீஸுக்குப் போனோம். உறையின் வாயில் பசை தடவினேன்.

"அண்ணா வந்து கையப் புடிச்சு இழுத்தா?" என்றாள் மாதம்மா.

"கட்டைவிரல் பக்கம்."

அவள் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. ஓரங்களை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஸ்பீட் போஸ்ட் கவுண்டருக்குள் உறையைத் தள்ளினேன்.